எங்கள் வீட்டில் சத்தம் கிடையாது

ஜூன் 11, புதன்

எங்கள் வீட்டு வரலாற்றில் நெடுநாள் பேசப்படப்போகும் ஒரு முடிவு இன்று எடுக்கப்பட்டது. தாரகையின் தண்ணீர் பாட்டில் இனிமேல் சமையல் மேடையில் வைக்கப்படாது. செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில், வலது ஓரத்தில் வைக்கப்படும்.

அவசரப்பட்டு எடுத்த முடிவல்ல. இடது ஓரமும் பரிசீலிக்கப்பட்டது. அங்கே குடை இருக்கிறது. குடையும் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், ஒன்றை எடுத்த திருப்தியில் இன்னொன்றை விட்டுவிட இடமுண்டு. வலது ஓரத்தில் அந்த ஆபத்து இல்லை. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் செருப்போ ஷூவோ போட்டாக வேண்டும். போடக் குனிந்தவர் நிமிர்ந்தாக வேண்டும். நிமிர்ந்தவர் பாட்டிலைப் பார்த்தாக வேண்டும். பார்த்தவர் எடுத்தாக வேண்டும்.

நான் ஈரோட்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைமிங் ஆபீசர். கோபிக்கும் காங்கேயத்துக்கும் கரூருக்கும் ஓசூருக்கும் பஸ்களை அந்தந்த நிமிடத்துக்குக் கிளப்பிவிடுகிறவன். நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் பள்ளி வேனுக்குக் கிளப்புவது எனக்குப் பெரிய காரியமாக இருக்கக் கூடாது.

முடிவைப் பூங்கோதைக்குத் தெரிவித்தேன். என் மனைவி பவானிப் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். நிரூபிக்காமல் எதையும் ஏற்க மாட்டாள்.

"ஏனுங்க, பாட்டில் இருக்கற எடந்தான் காரணம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"வேற என்ன காரணம் இருக்க முடியும்?" என்றேன்.

அவள் தோசையைத் திருப்பிப் போடப் போய்விட்டாள். நிரூபணம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 12, வியாழன்

தாரகை பாட்டிலைப் பார்த்தாள். எடுத்தாள். சாப்பாட்டுப் பையை விட்டுவிட்டுப் போனாள்.

ஜூன் 14, சனி

இந்த மறதி பிறவியில் வந்ததல்ல என்பதைப் பதிவு செய்கிறேன். போன வருடம் பள்ளியில் மூன்றாம் வகுப்பைக் கொடிவேரி அணைக்குக் கூட்டிப்போனபோது, பஸ்ஸில் ஒவ்வொரு முறையும் தலை எண்ணியது தாரகைதான். திரும்பும்போது ஒரு தலை குறைகிறது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். குறைந்தது மிஸ்ஸின் தலை; மீன் வறுவல் வாங்கப் போயிருந்தார்கள். அப்படிப்பட்ட பெண் ஜூன் முதல் வாரத்திலிருந்து ஷூவை மாட்டிக்கொண்டு சாக்ஸைத் தேடுகிறாள்.

இன்னொரு விஷயம். ஜூன் முதல் வாரத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மகுடபதி, ஓசூர்ல புதுசா பிராஞ்ச் போடறோம். நீதான் போயிப் பாத்துக்கோணும்" என்றார். சம்பளமும் கூடும். பூங்கோதையின் வேலையை ஓசூருக்கு மாற்ற முடியாது. அதனால் வீட்டில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே வாரத்தில் நடந்ததால் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன்.

கருத்து வேறுபாடு தாரகைக்குத் தெரியாது. தெரிய வழியில்லை. பெற்றோர் குழந்தை முன்னால் சண்டை போடக் கூடாது என்று பூங்கோதையின் பள்ளிக்கு வந்த ஒரு நிபுணர் மூன்று வருடத்துக்கு முன்பே பேசிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் சண்டைகள் எல்லாம் வாட்ஸப்பில்தான். நான் சோபாவின் இந்த ஓரம், அவள் அந்த ஓரம். நடுவில் தாரகை வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு சொல் வெளியே வராது. ஃபோன்கள் அதிரும், அவ்வளவுதான். நாகரிகமான ஏற்பாடு. நாலு பேருக்குப் பரிந்துரைத்தும் இருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாலை பூங்கோதை அனுப்பியது: "1. நான் கவர்ன்மென்ட் வேலையை விட முடியாது. 2. ஓசூரில் உங்களுக்கு யார் சமைப்பார்கள்? 3. முதல் பாயின்ட்டை மறுபடியும் படிக்கவும்."

நான் இரண்டாவது பாயின்ட்டுக்கு மட்டும் பதில் போட்டேன். அதற்குக் கையெடுத்துக் கும்பிடும் படம் வந்தது. எங்கள் வீட்டில் அந்தப் படம் வந்தால் பேச்சுவார்த்தை முறிந்தது என்று பொருள்.

தாரகை அப்போது தமிழக ஆறுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். காவிரி என்று எழுதினாள். என் ஃபோன் அதிர்ந்தது. பவானி என்று எழுதினாள். பூங்கோதையின் ஃபோன் அதிர்ந்தது. நொய்யல் என்று ஆரம்பித்தாள். என் ஃபோன் மறுபடி அதிர்ந்தது. காவிரி என்று எழுதினாள். அடுத்ததும் காவிரி. அதற்கடுத்ததும்.

"கண்ணு, தமிழ்நாட்டுல எத்தன காவிரி ஓடுது?" என்றேன்.

நோட்டைப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கவனக்குறைவு முற்றுகிறது.

ஜூன் 21, சனி

வெள்ளை போர்டு ஒன்று வாங்கி வந்து ஹாலில் மாட்டினேன். எங்கள் ஆபீஸ் டிரிப் சார்ட்டின் முறைப்படி கோடு போட்டு, எழுவதிலிருந்து வேன் ஏறுவதுவரை எல்லா நிலையங்களையும் எழுதினேன். பல் விளக்குதல், குளித்தல், உடுத்துதல், தலைசீவல், டிபன், ஷூ. ஒவ்வொன்றுக்கும் வரும் நேரம், கிளம்பும் நேரம். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நிமிடம் ஓய்வும் கொடுத்திருக்கிறேன். எங்கள் டிரைவர்களுக்கே அது கிடையாது.

ஜூன் 23, திங்கள்

போர்டு அமலுக்கு வந்த முதல் நாள். வேன் வந்து ஹாரன் அடித்தபோது தாரகை கையில் ஒற்றை சாக்ஸுடன் போர்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு நிக்கற?"

"நான் எங்க இருக்கறேன்னு பாக்கறனுங்கப்பா."

"எங்க இருக்கற?"

"குளிச்சுட்டேன். டிரெஸ்ஸும் போட்டாச்சு. ஆனா போர்டுல நான் இன்னும் பல்லே வெளக்குல."

டிக் அடிக்க மறந்திருக்கிறாள். நான் ஒவ்வொன்றாக டிக் அடித்து அவளைத் தலைசீவல்வரை கொண்டுவருவதற்குள் வேன் போய்விட்டது. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். பாதி வழியில்தான் என் தலையில் ஹெல்மெட் இல்லை என்பதைப் போலீஸ்காரர் ஒருவர் தெரிவித்தார்.

ஜூன் 27, வெள்ளி

வகுப்பாசிரியை ரெஜினா மிஸ் வரச் சொல்லியிருந்தார். நல்ல மாதிரி. குரலைத் தாழ்த்தித்தான் குறை சொல்லுவார்.

"சார், ரெண்டு வேல சேத்துச் சொன்னா ஒண்ணுதான் செய்யறா. நோட்ட எடுத்து மார்ஜின் போட்டு தேதி எழுதுன்னா, மார்ஜின் போட்டுட்டு அப்படியே உக்காந்திருக்கறா. நேத்து பிரேயர்ல எல்லாரும் கண்ண மூடுனாங்க. இவ மட்டும் மூடுல. ஏன்னு கேட்டா, யாராச்சும் பாத்துட்டு இருக்கோணும் மிஸ்ங்கறா."

"எதப் பாத்துட்டு?"

"அத நீங்கதான் கேக்கோணும். வீட்ல எல்லாம் நல்லாத்தான போவுது?"

"எங்க வீட்ல சத்தமே கிடையாதுங்க மிஸ்" என்றேன். மிஸ் தலையாட்டினார். அவருக்கு அது நல்ல பதிலாகத் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

இன்று கோபி பஸ் காங்கேயம் போர்டோடு கிளம்பிவிட்டது. காங்கேயம் போகிற ஒரு கல்யாணக் கோஷ்டி ஏறி, கோபி வழியில் சித்தோடு தாண்டிவிட்டார்கள். விசாரணை நடத்தினேன். டிரிப் சீட்டில் என் கையெழுத்தில் காங்கேயம் என்றுதான் இருந்தது. சந்தேகம் வந்தால் கேட்டிருக்க வேண்டும் என்று கண்டக்டரை எச்சரித்தேன்.

ஜூலை 2, புதன்

ராசிபுரம் பக்கம் ஓர் உறைவிடப் பள்ளி இருக்கிறது. பாகற்காய் தின்னாத பிள்ளைகூட அங்கே ஒரு பருவம் படித்தால் கேட்டு வாங்கித் தின்னும் என்று சொல்லுகிறார்கள். விடியற்காலை மணி, படிப்பு மணி, விளையாட்டு மணி, தூக்க மணி. ஒரு டைமிங் ஆபீசரின் மனத்துக்கு இதமான இடம். அங்கே விட்டால் இவள் மறதியும் தீரும். நான் ஓசூர் போவதிலும் சிக்கல் இருக்காது. ஜூலை கடைசித் திங்களோடு சேர்க்கையை முடிக்கிறார்களாம்.

இரவு பூங்கோதைக்கு அனுப்பினேன். அவள் பக்கத்திலிருந்து பாயின்ட்டுகள் பதினொன்று வந்தன. எட்டாவது பாயின்ட்: "ஒன்பது வயசுப் புள்ள." ஒன்பதாவது பாயின்ட்டும் அதுவே.

ஜூலை 3, வியாழன்

தாரகையிடம் மிக மென்மையாகத் தெரிவித்தேன். "இந்த மாசம் முச்சூடும் எதையும் மறக்காம இருந்தீன்னா நம்ம வீட்லயே இருந்து படிக்கலாங் கண்ணு. இல்லாட்டி ராசிபுரத்துல பெரிய ஸ்கூல் இருக்குது. நீச்சல்குளமெல்லாம் இருக்குது."

"சரிங்கப்பா" என்றாள். எதிர்ப்பில்லை. ஒரு தெளிவான இலக்கு இருந்தால் பிள்ளைகள் அதை நோக்கி நகரும் என்பது என் நம்பிக்கை.

ஜூலை 4, வெள்ளி

இரண்டு இடது கால் ஷூக்களோடு வீடு திரும்பினாள். ஒன்று அவளுடையதல்ல.

ஜூலை 8, செவ்வாய்

குழந்தை மருத்துவரிடம் போனோம். மூவரும்தான். டாக்டரம்மா தாரகையிடம் ஒரு சின்ன விளையாட்டு விளையாடினார். நான்கு எண் சொல்வார். அவள் தலைகீழாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் மூன்று தடவை அருமையாகச் சொன்னாள். நான்காவது தடவை பூங்கோதையின் ஃபோன் பைக்குள் அதிர்ந்தது. அது கியாஸ் புக்கிங் மெசேஜ். தாரகை எண்ணை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மா முகத்தை. பிறகு மறுபடி என் முகத்தை.

டாக்டரம்மா அவளை வெளியே மீன்தொட்டி பார்க்க அனுப்பிவிட்டுச் சொன்னார்: "சொன்னத ஞாபகத்துல வெச்சுக்கறது, அடுத்து என்னன்னு யோசிக்கறது, ஒரு வேலைய விட்டு இன்னொண்ணுக்கு மாறறது, எல்லாமே மூளைல ஒரே ஆபீஸ்ல நடக்கற வேலைங்க. அந்த ஆபீஸ் சின்ன வயசுல ரொம்பச் சின்னது. பயமோ கவலையோ வந்து உக்காந்துட்டா நாற்காலி பத்தாது. பாட்டில் வெளிய நிக்கும். உங்க பொண்ணுக்கு மறதி இல்ல சார். காது வேற எங்கியோ வேலையா இருக்கு. வீட்ல ஏதாவது டென்ஷனா?"

"இல்லீங்க" என்று நானும் பூங்கோதையும் ஒரே நேரத்தில் சொன்னோம். ஒரு மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

காதைப் பரிசோதிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

காது மூக்கு தொண்டை டாக்டர். தாரகையின் காது மிகக் கூர்மையாக இருக்கிறதாம். "பக்கத்து ரூம்ல மெத்தை மேல ஃபோன் அதிர்ந்தாக்கூட இந்தப் பாப்பாவுக்குக் கேக்கும்" என்று சிரித்தார். தாரகை சிரிக்கவில்லை. "ஆமாங்க டாக்டர்" என்றாள்.

நல்ல செய்தி. காதில் குறையில்லை.

ஜூலை 15, செவ்வாய்

போர்டில் சிவப்புப் புள்ளி வைக்கும் முறையை அறிமுகப்படுத்தினேன். ஒரு மறதிக்கு ஒரு புள்ளி. பூங்கோதை கேட்டாள், வாயால்தான்: "ஏனுங்க, நேத்து நீங்க கேஸ் அடுப்ப அணைக்காமப் போயிட்டீங்களே, அதுக்குப் புள்ளி எங்க வெக்கறது?"

போர்டு மாணவர்களுக்கானது என்று விளக்கினேன்.

ஜூலை 19, சனி

ராசிபுரம் பள்ளியைப் பார்க்கத் தாரகையைக் கூட்டிப்போனேன். பூங்கோதை வர மறுத்துவிட்டாள். வார்டன் ஹாலைக் காட்டினார். வரிசையாகக் கட்டில்கள், ஒரே மாதிரிப் போர்வைகள், ஒவ்வொரு கட்டிலின் கீழும் ஒரே மாதிரிப் பெட்டி. பார்க்கவே மனத்துக்கு நிறைவாக இருந்தது.

தாரகை ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இங்க ஃபோன் உண்டுங்களா ஆன்ட்டி?"

"கெடயாதும்மா. யாரும் வெச்சுக்கக் கூடாது."

"யாருமேவா?"

"ஆபீஸ்ல ஒண்ணு இருக்குது. அது தொலைவு."

"அப்ப ராத்திரி தூக்கம் வரும்" என்றாள் தாரகை.

பிடித்திருக்கிறது போலிருக்கிறது. திரும்பி வருகையில் பஸ்ஸில் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். இறங்கும்போது விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. சாலை மோசம்.

ஜூலை 24, வியாழன்

புள்ளிகளுக்கு போர்டில் இடம் போதவில்லை. தலைசீவலை அழித்து இடம் பண்ணினேன்.

ஜூலை 26, சனி

எதிர்பாராத விபத்து. மாநகராட்சித் தண்ணீர் வந்த அவசரத்தில் பூங்கோதை டிரம்மில் பைப்பைத் திருப்பியபோது இடுப்பில் செருகியிருந்த ஃபோன் உள்ளே விழுந்துவிட்டது. கடையில் கொடுத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை கிடைக்கும் என்கிறார்கள். சேர்க்கை திங்கட்கிழமையோடு முடிகிறது.

அதாவது, முடிவு எடுக்கவேண்டிய கடைசி இரண்டு நாட்களில் எங்களிடையே தகவல்தொடர்பு இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை டிபனுக்குப் பிறகு தாரகை உள்ளே கணக்குப் போட உட்கார்ந்தாள். நான் பூங்கோதையைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, காதோடு காதாக, "நாளைக்குச் சேத்தோணும்" என்றேன்.

அவளும் காதோடு காதாக, "முடியாதுங்க" என்றாள்.

"முடிவு பண்ணியாச்சு."

"யாரு பண்ணுனது?"

"மெதுவா. புள்ள இருக்குது."

"மெதுவாத்தான் பேசறேன். நீங்க ஓசூர் போறதுக்குப் புள்ள எதுக்குங்க ராசிபுரம் போகோணும்?"

"அவ மறதிக்காகத்தான்."

"மறதி அவளுக்கா உங்களுக்கா? நேத்து உப்பு வாங்கப் போயி எத வாங்கிட்டு வந்தீங்க?"

வாங்கி வந்தது சோடா உப்பு. அதுவும் உப்புதான் என்று நான் சொன்ன இடத்தில்தான் அவளுடைய குரல் கொஞ்சம் கூடியது. என் பதில் அவளுக்குக் கேட்க வேண்டுமே என்று என் குரலும் கூடியது. அதற்கு மேல் அவள் போனாள். மூன்று வருடமாக எழுதியே பழகியதால் எங்கள் இருவருக்கும் குரலின் அளவு மறந்துபோயிருந்தது.

"எல்லாத்தையும் வாயில சொல்லட்டுங்களா? கேக்கற தைரியம் இருக்குதா?" என்றாள்.

"சொல்லு! நானும் கேக்கறேன், சொல்லு!"

சொன்னாள். பாயின்ட் எண் இல்லாமல் சொன்னாள். என் அம்மா காலத்திலிருந்து ஆரம்பித்து, அவள் வாங்கிய பச்சை மிக்ஸியைப் பார்த்து நான் சொன்ன ஒரு வார்த்தை, அவளுடைய தம்பி கல்யாணத்தில் நான் சாப்பிடாமல் வந்தது எல்லாம் வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கும் பழைய சரக்கு இருக்கிறது. கீழ் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

அப்போது கதவு திறந்தது. தாரகை பென்சிலோடு நின்றாள். நாங்கள் இருவரும் வாயை மூடினோம். பூங்கோதை கரண்டியைக் கீழே வைத்தாள். அது எப்போது அவள் கைக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது.

"ஏனுங்கம்மா, சண்டையா?" என்றாள் தாரகை.

நான் இல்லை என்று சொல்வதற்குள் பூங்கோதை, "ஆமாங் கண்ணு, சண்டைதான்" என்றாள்.

"எதுக்கு?"

"உங்கப்பாவுக்கு ஓசூர்ல வேல. போறங்கறாரு. நான் வேண்டாங்கறேன்."

தாரகை என் பக்கம் திரும்பினாள். "போயிட்டுத் திரும்பி வருவீங்களா?"

"வராம எங்க போறேன்?" என்றேன்.

"சனிக்கெழம வந்தாகோணும்" என்றாள் பூங்கோதை. "இல்லீனா அழுக்குத் துணிய யாரு தொவைக்கறது? ஓசூர்க்காரங்களா?"

"அவ்வளவுதானா?" என்றாள் தாரகை.

"அவ்வளவுதான். ஏன், நீ என்ன நெனச்ச?"

அவள் பென்சிலால் கதவை மெல்லத் தட்டிக்கொண்டே சொன்னாள். "போன வருசம் எங்க கிளாஸ்ல இருந்த மிருதுளா வீட்லயும் இப்படித்தானுங்க. மொதல்ல சண்டை போட்டாங்களாமா. அப்பறம் சத்தமே நின்னுருச்சாமா. ஃபோன் மட்டும் பாத்துட்டே இருப்பாங்களாமா. அப்பறம் அவங்கப்பா கோயமுத்தூர் போயிட்டாரு. வரவே இல்ல. அவள ஹாஸ்டல்ல விட்டுட்டாங்க. நம்ம வீட்லயும் ஃபோன் ரெண்டும் மாத்தி மாத்தி அதிரும். எப்ப நிக்குதுன்னு பாத்துட்டே இருந்தேன்."

குக்கர் ஒரு விசில் விட்டது.

ஒரு வீட்டில் நடந்ததை வைத்து இன்னொரு வீட்டைக் கணிப்பது முறையல்ல என்று நான் சொல்ல நினைத்தேன். அதற்குப் பதிலாகப் பால்கனிக்குப் போனேன். கொடியில் துணிகள் காய்ந்திருந்தன. எல்லாவற்றையும் எடுத்து மடித்தேன். சில ஈரமாகவே இருந்தன, அவற்றையும் மடித்தேன்.

நான் திரும்பி வந்தபோது பூங்கோதை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். தாரகை சாப்பாட்டு மேஜையில் கணக்கு நோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க? போடுங்க" என்றாள்.

"என்னத்த?"

"சண்டைய. நான் இங்கியே உக்காந்து கணக்குப் போடறேன். தொந்தரவா இருக்காது."

நாங்கள் மறுபடி தொடங்கினோம். முதலில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பச்சை மிக்ஸி விஷயத்தை முழுமையாகப் பேசி முடித்தோம். அதற்குள் தாரகை இரண்டு பக்கம் வகுத்தல் போட்டிருந்தாள். சரிபார்த்தேன். எல்லாம் சரி.

அதே நாள், மாலை

தாரகை போர்டை அழித்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் புள்ளிகளும் போயின. அது ஒரு மாத ஆவணம் என்று எடுத்துச் சொன்னேன்.

"இடம் வேணுமுங்கப்பா" என்றாள். "நம்ம கம்பெனி பஸ் தெனமும் ஓசூர் போகுதில்ல?"

"ஆமா."

"திரும்பி வருதில்ல?"

"வராம?"

"பஸ்ஸே வரும்போது நீங்க மட்டும் ஏன் அங்கியே இருக்கோணும்?"

போர்டில் ஏழு கட்டம் போட்டாள். திங்கள் காலை நம் பஸ்ஸில் ஓசூர், புதன் மாலை நம் பஸ்ஸில் வீடு. வியாழன் முதல் சனிவரை ஈரோடு ஆபீஸ். நடுவில் ஓசூரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "அங்க ஒருத்தர நாற்காலில உக்கார வெச்சுட்டு, நீங்க இங்கிருந்து ஃபோன் பண்ணுங்க. உங்களுக்கு ஃபோன்ல சண்டை போடத் தெரியுமே" என்றாள். பூங்கோதை சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சொந்த பஸ்களைக் கொண்டு இத்தகைய ஓர் ஏற்பாடு சாத்தியம் என்பது தொழில்முறையில் எனக்கு முன்பே தெரிந்ததுதான். எழுதிப் பார்க்கத்தான் நேரமில்லாமல் இருந்தது.

ஜூலை 28, திங்கள்

திட்டத்தை முதலாளியிடம் எடுத்துச் சொன்னேன். தாரகை தாளில் வரைந்து கொடுத்திருந்த சார்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"இத்தன நாளா இத ஏன்யா சொல்லுல? நீ போகாட்டி வேற ஆளு போடலாம்னு நெனச்சுட்டு இருந்தேன்."

"எல்லாக் கோணத்திலும் ஆராய வேண்டியிருந்தது முதலாளி" என்றேன்.

"சார்ட்டுல மேல் மூலைல ஒரு பூ வரஞ்சிருக்குதே, அது என்னய்யா?"

அது ஓசூர் ரோஜா என்று சொன்னேன்.

மதியம் ராசிபுரத்துக்கு ஃபோன் செய்து, இடம் தேவைப்படாது என்று தெரிவித்தேன். வார்டன் காரணம் கேட்டார். வீட்டில் சத்தம் வந்துவிட்டது என்றேன். அவர் ஏதோ புரிந்துகொண்டவர் மாதிரி, "ரொம்ப வருத்தமுங்க" என்று வைத்துவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

பூங்கோதையின் ஃபோன் சரியாகி வந்தது. அலமாரி மேல் வைத்தாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஓசூருக்கு முதல் பயணம். நேற்று இரவு தாரகை என் பையைக் கட்டினாள். அவள் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் எடுத்துக் கொடுத்தேன். "சார்ஜர்? சட்டை மூணு? மாத்திரை? சீப்பு?" எல்லாம் கொடுத்தேன். கடைசியில் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேட்டி எடுத்து வெச்சீங்களா? நீங்க பேன்ட்டோடவா தூங்குவீங்க?" என்றாள். வைத்திருக்கவில்லை.

காலையில் அவளும் கிளம்பினாள். சாக்ஸ், ஷூ, பை, பாட்டில், சாப்பாடு. வேனில் ஏறிவிட்டு இறங்கி வந்து எனக்கு ஒரு முறை கை காட்டிவிட்டு மறுபடி ஏறினாள். டிரைவர் திட்டினார். அவள் அவரிடம், "ஒரு நிமிஷந்தானுங்க அண்ணா, அடுத்த ஸ்டாப்புல புடிச்சுக்கலாம்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அது எங்கள் ஆபீஸ் பேச்சு.

ஆகஸ்ட் 6, புதன்

மாலை வீடு. படியேறும்போதே பூங்கோதை ஆரம்பித்துவிட்டாள். ஓசூரிலிருந்து ஒரு நாளாவது வாயால் பேசினேனா என்று. பேசினேன் என்று நானும் வாசலில் நின்றே சொன்னேன். தாரகை உள்ளிருந்து, "அப்பா வந்தாச்சு" என்று யாருக்கோ சொல்லிவிட்டுத் தொடர்ந்து எழுதினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரெஜினா மிஸ்ஸைச் சந்தித்தேன். சுதந்திர தின அணிவகுப்பில் நாலாம் வகுப்பை வரிசைப்படுத்தும் பொறுப்பைத் தாரகையிடம் கொடுத்திருக்கிறாராம். "என்ன சார் பண்ணுனீங்க? எந்த டாக்டர்?" என்றார்.

வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம் என்றேன்.

"பிரேயர்ல கண்ண மூடறாளா மிஸ்?" என்று கேட்டேன்.

"மூடறதென்ன, அன்னிக்குத் தூங்கியே போயிட்டா."

ஆகஸ்ட் 19, செவ்வாய். ஓசூர்.

தாரகை இன்று சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனாளாம். பூங்கோதை கொண்டுபோய்க் கொடுத்தாளாம். ஃபோனில் சொன்னாள். ஏன் காலையிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாள். அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். நடுவில் தாரகை ஃபோனை வாங்கி, "ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா? சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தக்காளி விலை பற்றி ஆரம்பித்து இரவு எட்டரைவரை நீடித்தது. தாரகை சோபாவில் நடுவில் படுத்துத் தூங்கிவிட்டாள். கட்டிலுக்குத் தூக்கிப்போகலாமா வேண்டாமா என்பது பற்றியும் பேச வேண்டியிருந்தது. அவள் விழிக்கவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கீழ் வீட்டுக்காரர்கள் இன்று காலி செய்துகொண்டு போனார்கள். வீட்டுக்காரர் கேட்டில் டு-லெட் போர்டு மாட்டியிருக்கிறார்.